எலும்பில் ஏறும் ஊசி

ரத்தநாளம் கிடைக்காதபோது உயிர் காக்கும் வழி. கண்காணிக்கத் தவறினால் காலுக்கு ஆபத்து.

தார்நாகாவிலிருந்து உப்பல் போகும் சாலையில், தலைக்கு மேல் மெட்ரோ ஓட, ஹப்சிகுடா சந்திப்பில் வாகனங்கள் முண்டியடிக்கின்றன. ஹைதராபாத்தின் இதுபோன்ற சாலையொன்றில் ஒருவர் அடிபட்டு ரத்தம் கொட்டினால், ரத்த அழுத்தம் சரிந்து கை ரத்தநாளங்கள் சுருங்கிவிடும். குத்திக் குத்திப் பார்த்தும் 'நரம்பு கிடைக்கவில்லை' என்ற நிலை. அப்போது டாக்டர்கள் நாடுவது எலும்பை. சுருங்காத அதன் மஜ்ஜை வழியே திரவம், ரத்தம், மருந்து எல்லாம் ஏற்றலாம்.

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட இந்த முறை, பிளாஸ்டிக் குழாய்கள் வந்ததும் மறக்கப்பட்டது. அதற்கு மறுவாழ்வு கிடைத்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு. இங்கே காலரா பரவியபோது எலும்பு வழி திரவம் ஏற்றப்படுவதைப் பார்த்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஓர்லோவ்ஸ்கி, 1984ல் மருத்துவ இதழொன்றில் அதை வலியுறுத்தி எழுதினார். முதலில் குழந்தைகளுக்கு, பின்னர் கடினமான எலும்பையும் நொடிகளில் துளைக்கும் பேட்டரி கருவி வந்ததும் பெரியவர்களுக்கும்.

துளைப்பது சுலபம். சிக்கல் அதன் பிறகுதான். ஊசி நுனி மஜ்ஜையில் நிற்காமல் விலகினாலோ எலும்பைத் தாண்டிப் போனாலோ, திரவம் தசைக்குள் கசியும். கெண்டைக்கால் வீங்கி, அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைபடும். சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். தசையுறையைக் கீறி அழுத்தத்தைத் தணிக்கத் தாமதித்தால் காலையே எடுக்க நேரலாம். நினைவிருப்பவர் வலிக்கிறது என்று கத்துவார். மயங்கிக் கிடப்பவர் சொல்ல முடியாது. போர்வைக்குள் கால் வீங்குவது யார் கண்ணிலும் படாது.

விபத்து நோயாளிக்கு வேறு கணக்குகளும் உண்டு. முறிந்த எலும்பில் ஊசி போட்டால் முறிவு வழியே எல்லாம் வெளியேறும். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தால் காலை விட்டுத் தோள்பட்டைக்குக் கீழே மேற்கை எலும்பை நாட வேண்டும். ஒரே எலும்பில் 48 மணி நேரத்துக்குள் மறுபடி துளைத்தால் பழைய துளை வழியே கசியும். எலும்பில் சீழ் பிடிப்பது அபூர்வம்: 1985ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், 4,000க்கும் மேற்பட்டவர்களில் 0.6 சதவீதத்தினருக்குத்தான். ஆனால் ஊசி நீடிக்க நீடிக்க அந்த அபாயம் கூடும். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

இவற்றுக்காக ஊசியே வேண்டாம் என்பது விபரீதம். ரத்தம் வடிந்து சாகிறவருக்கு அதுவே கடைசி வாசலாக இருக்கலாம். ஹைதராபாத்தில் 2005ல் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கிய பிறகு அடிபட்டவரை விரைவாக ஆஸ்பத்திரி சேர்க்க வழி பிறந்தது. ஆனால் அடிபட்டவர் ஆம்புலன்ஸிலிருந்து அவசரப் பிரிவுக்கும், அங்கிருந்து ஸ்கேனுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் கை மாறுகிறார். எந்த எலும்பில், எத்தனை மணிக்கு ஊசி போட்டது என்ற தகவலும் அவருடனேயே போக வேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் யாராவது போர்வையை விலக்கி அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தால் போதும். அதற்குப் பேட்டரி தேவையில்லை.