மாநிலக் கல்லூரியின் முப்பட்டகம்

மெரினாவுக்கு எதிரே செந்நிறமாய் நிற்கும் மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். வழக்கமான செய்முறைப் பயிற்சிதான். ஒளி மிகவும் சாய்வாகப் பட்டபோது தெரிந்த பட்டைகள் மட்டும் இருபுறமும் ஒன்றுபோல் இல்லை. ஏன் என்று விடாமல் ஆராய்ந்தார். 1906 நவம்பரில் லண்டனின் 'பிலாசஃபிகல் மேகசின்' இதழ் அவரது கட்டுரையை வெளியிட்டது. சர் சி.வி.ராமனுக்கு அப்போது வயது 18!

மறு ஆண்டே நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். அலுவலக நேரம் போக மீதியெல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான். 1917-இல் அந்தப் பதவியையே துறந்து பேராசிரியரானார். என்ன துணிச்சல்!

திரவத்தில் சிதறும் ஒளியில் மிகச் சிறிய பகுதி நிறம் மாறுகிறது என்பதை, கே.எஸ்.கிருஷ்ணனுடன் செய்த ஆய்வில், 1928 பிப்ரவரி 28 அன்று நிறமாலையில் தெளிவாகக் கண்டார். ஒவ்வொரு மூலக்கூறும் அந்த மாற்றத்தில் தன் கைரேகையைப் பதிக்கிறது. அதனால்தான் மருந்தையும் ரத்தினத்தையும் உடைக்காமலே இன்று சோதிக்க முடிகிறது. 1930-இல் நோபல் பரிசு வந்தது.

ஆய்வகத்தில் நிற்கும் மாணவர்களே, எதிர்பாராத ஒரு கோடு தெரிந்தால் அதை அழித்துவிடாதீர்கள். குறித்துவைத்து, ஆசிரியரிடம் கேளுங்கள்.