வாட்ஸ்ஆப்பில் சொன்ன விலை

நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரத்தில் இருக்கிறேன். கடையில் போனே கூடாது என்று நம்மவர் சிலர் சொல்கிறார்கள். ஆர்டரே அதில்தானே வருகிறது! வாட்ஸ்ஆப்பில் எழுதுவதை வெறும் பேச்சு என்று நினைப்பதில்தான் ஆபத்து.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர் சேர்ந்த 10ஏ பிரிவு, மின்னணு வழியில் செய்தது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது. ஆகவே கடைப்பையன் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே அனுப்பிய விலையும், அந்தப் பக்கம் வந்த 'சரி, அனுப்புங்க' என்ற பதிலும் சேர்ந்து பேரத்தை முடித்துவிடலாம். 'அழிச்சிட்டா போச்சு' என்றிருக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம். வழக்கென்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு அந்தப் பதிவைச் சாட்சியமாக வைக்கலாம்.

வேலையாளைக் குழுவில் எல்லாரும் பார்க்கத் திட்டுவதும் இப்படித்தான். அந்த எழுத்து அவர் சட்டைப்பையிலேயே இருக்கும்.

எனவே விலை சொல்ல ஒருவர், ஆர்டருக்குத் தனிக் குழு என்று வையுங்கள். சாயங்காலம் அத்தனையும் ஆர்டர் நோட்டில் ஏறட்டும். வேலையாளிடம் குறை இருந்தால் தனியே கூப்பிட்டு வாயால் சொல்லுங்கள்.