ஜூரிமார் எழுந்து வெளியே போகும் நேரம்



பதுளை மேல் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரிக் கூண்டில் பசறைப் பக்கத்துத் தோட்ட இளைஞன் ஒருவன். ஒருபுறம் ஜூரிமார் ஏழு பேர். அரச சட்டத்தரணி ஒரு கடதாசியைக் கையிலெடுக்கிறார். எதிரியின் சட்டத்தரணி எழுந்து ஆட்சேபிக்கிறார். உடனே நீதிபதி, ஜூரிமாரை அவர்களது அறைக்குச் செல்லும்படி பணிக்கிறார். வாங்கில் இருக்கும் தாயின் நெஞ்சு பதறுகிறது. "அவர்களுக்குத் தெரியாமல் என் பிள்ளையை என்ன செய்யப் போகிறார்கள்?"

அந்தத் தாய் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் இது அவளது பிள்ளையைக் காக்கும் ஏற்பாடேயாகும். அந்தக் கடதாசி, அவன் கொடுத்ததாகச் சொல்லப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அவன் மனமொப்பிச் சொன்னானா, அடிக்கும் மிரட்டலுக்கும் அஞ்சிச் சொன்னானா என்பதை முதலில் நீதிபதி விசாரிக்க வேண்டும். இதனை 'உண்மை விளம்பல் விசாரணை' என்பர். வழக்குக்குள்ளே நடக்கும் சிறு வழக்கு இது. பொலிஸாரும் வைத்தியரும் சாட்சி சொல்லலாம். எதிரியும் சாட்சிக் கூண்டில் ஏறலாம்.

ஜூரிமார் ஏன் இருக்கக் கூடாது? காதில் விழுந்ததை மனதிலிருந்து அழிப்பது எளிதல்ல. "நான்தான் செய்தேன்" என்ற வார்த்தையைக் கேட்டவரிடம் பின்னர் "அதை மறந்துவிடுங்கள்" என்றால் மறப்பாரா? ஆகவே வாக்குமூலம் தள்ளப்பட்டால், ஜூரிமார் அதனை அறியாமலே தீர்ப்புக் கூறுவர். ஏற்கப்பட்டால் மட்டுமே அது அவர்கள் முன் வரும். அப்போதும் அதனை நம்புவதா இல்லையா என்பது அவர்கள் பொறுப்பு.

நமது நாட்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. பொலிஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்பது அதன் பொது விதி. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்களித்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லும் என்றது. அது விருப்பமின்றிப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. அச்சட்டத்தின் கீழ் ஜூரி இல்லை. ஆட்சேபணையைக் கேட்டு முடிவு சொல்பவரும், பின்னர் தீர்ப்பு எழுதுபவரும் ஒரே நீதிபதியே.

இதன் விளைவைச் சிங்கராசா வழக்கில் காணலாம். தமிழ் மட்டுமே அறிந்த இவர் 1993இல் கைது செய்யப்பட்டார். சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட வாக்குமூலத்தில் தம்மைக் கட்டாயப்படுத்திக் கைரேகை வைக்கச் செய்தனர் என்றார். மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரரே. 1995இல் உண்மை விளம்பல் விசாரணை நடந்தது. முதுகில் தழும்புகளும் இடக்கண்ணில் காயமும் இருந்ததாக மருத்துவ அறிக்கை கூறிற்று. ஆயினும், அடித்ததை நீதவானிடம் அவர் முறையிடவில்லை என்று காட்டி, வாக்குமூலம் ஏற்கப்பட்டது. திரும்பவும் பொலிஸாரிடமே போகவேண்டியவர் எப்படி வாய் திறப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த வாக்குமூலத்தை மட்டுமே கொண்டு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 35 ஆக்கியது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, வெளி மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பெற்ற வாக்குமூலத்தை மட்டும் நம்பியதும், நிரூபிக்கும் பாரத்தை எதிரி மீது சுமத்தியதும் நியாயமான விளக்கமாகாது என்றது. விடுதலையோ மறுவிசாரணையோ வேண்டும் என்றது. ஆனால் அந்த முடிவு உள்நாட்டில் கட்டுப்படுத்தாது என்று 2006இல் நமது உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அச்சட்டத்தை 2022இல் திருத்தியபோதும் வாக்குமூல விதியில் கைவைக்கவில்லை.

சகோதரிகளே, கட்டாயத்தில் சொன்ன சொல் சொன்னவரைப் பிடிக்காது என்பது நமக்குப் புதிய பாடமல்ல. மக்காவில் சித்திரவதை தாங்காது நாவால் ஒரு சொல் சொல்லிவிட்ட அம்மார் (ரலி) அவர்கள் அழுதுகொண்டு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரது உள்ளத்தின் நிலையையே கேட்டார்கள். நிர்ப்பந்தத்தின் பேரில் பெறப்பட்ட இக்ராரைப் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்பதில்லை.

நமது மலைநாட்டில் லயத்துப் பிள்ளைக்கும் சரி, கடைவீதிப் பிள்ளைக்கும் சரி, சிங்களம் பேச வந்தாலும் எழுத்து வாசிக்க வராத நிலை உண்டு. எனவே இவற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்:

வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமோ கைரேகையோ வைக்க வேண்டாம். தமிழில் விளக்கும்படி கேட்க வேண்டும்.

அடிபட்டிருந்தால் நீதவான் முன் கொண்டுசெல்லும் முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேட்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கைதான திகதி, நேரம், பார்க்கப் போன நாட்கள், கண்ட காயங்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஜூரிமார் வெளியே போன அந்த நேரத்தில் பேசக்கூடியது, அன்று நீங்கள் எழுதி வைத்த அந்தக் கொப்பியாகவே இருக்கலாம்.