செயலிக்குள் இருக்கும் பிறர் கைவேலை: அன்ட்ரொயிட் நிரலகங்கள் பற்றி ஓர் அறிமுகம்



எட்டு மணிச் செய்தி தொடங்கும்போது சிலரது வீட்டு மணிக்கூடு எட்டைத் தாண்டி அரை நிமிடம் ஆகிவிடுகிறது. "உங்கட மணிக்கூடு பிந்திப் போச்சுதோ?" என்று கேட்பவர்களும் உண்டு. வானொலிப் பெட்டியில் கேட்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை. கைத்தொலைபேசியில் செயலி மூலம் கேட்பவர்களுக்கே வருகிறது. அந்த அரை நிமிடத்துக்குக் காரணம், செயலிக்குள் இருந்து ஒலியைக் கையாளும் ஒரு சிறு மென்பொருள். அதை எழுதியவர் பெரும்பாலும் அந்தச் செயலியைச் செய்தவராக இருக்கமாட்டார். இப்படிப் பிறர் எழுதி வைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருட் துண்டுகளைத்தான் நிரலகம் என்கிறோம். ஆங்கிலத்தில் லைப்ரரி என்பார்கள். இம்மாத உரை அவற்றைப் பற்றியது.

நிரலகம் என்றால் என்ன?

வீட்டில் ஐம்பது பேருக்கு விருந்து என்று வைத்துக்கொள்வோம். ஊரில் என்றால் அரிசியை ஊறப்போட்டு, உரலில் இடித்து, அரித்து, வறுத்து, அதற்குப் பிறகுதான் இடியப்பம் பிழிய முடியும். இங்கே தமிழ்க்கடையில் வறுத்த மாப் பைக்கற்றை வாங்குகிறோம். இன்னும் அவசரம் என்றால் ஸ்காபரோவில் நூறு இடியப்பத்துக்கு ஓடர் கொடுத்துவிட்டு, சொதியையும் சம்பலையும் மட்டும் வீட்டில் செய்கிறோம். விருந்து எங்களுடையதுதான், ஆனால் மா பிறர் இடித்தது.

அன்ட்ரொயிட் செயலி ஒன்றை உருவாக்குபவரும் இதையே செய்கிறார். இணையத்திலிருந்து படத்தை இறக்கித் திரைக்கு ஏற்ற அளவில் காட்ட கிளைட் என்ற நிரலகம் இருக்கிறது. வேறொரு கணினியிலிருந்து தகவலைக் கேட்டுப் பெற ரெட்ரோஃபிட் இருக்கிறது. இணையம் இல்லாத நேரத்திலும் படிக்கத்தக்கதாகத் தகவலைத் தொலைபேசியிலேயே அடுக்கி வைக்க ரூம் இருக்கிறது. மூன்றும் இலவசம். மூல நிரலை எவரும் திறந்து பார்க்கலாம். இவற்றை ஒருவர் முதலிலிருந்து தானே எழுதப் புறப்பட்டால் செயலி முடிய வருடங்கள் ஆகும்.

இந்த வசதியோடு ஒரு பொறுப்பும் வருகிறது. வாங்கிய மாவில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பின்னர் வருவோம்.

வானொலிக்குப் பின்னால்

முதலில் அந்த அரை நிமிடத்தைப் பார்ப்போம். கூகிள் நிறுவனம் 2014 இல் எக்ஸோபிளேயர் என்ற நிரலகத்தை வெளியிட்டது. ஒலி, ஒளி இரண்டையும் இணையத்திலிருந்து எடுத்து ஒலிபரப்பும் வேலைக்காக ஏராளமான அன்ட்ரொயிட் செயலிகள் அதை எடுத்துக்கொண்டன. இன்று அது மீடியா3 என்ற பெயருள்ள தொகுப்பின் ஒரு பகுதி. பழைய பெயரிலான பொதி 2024 இல் கைவிடப்பட்டது.

இப்படியான நிரலகம் வந்த ஒலியை வந்த கணமே காதுக்கு அனுப்புவதில்லை. சில விநாடிகளுக்கான ஒலியைச் சேமித்து வைத்துக்கொண்டே ஒலிக்கவிடும். கிணற்றிலிருந்து நேரே வாய்க்காலுக்கு இறைக்காமல் தொட்டியில் நிரப்பி விடுவது போன்றது இது. பேருந்தில் போகும்போது இணைப்பு கொஞ்சம் அறுந்தாலும் பாட்டு நிற்காமல் போவது அந்தத் தொட்டியால்தான். தொட்டி நிரம்ப எடுக்கும் நேரமும், நிலையத்தில் ஒலியைத் துண்டுகளாக்கி அனுப்ப எடுக்கும் நேரமும் சேர்ந்ததே அந்தப் பிந்தல். உங்கள் மணிக்கூடும் எங்கள் மணிக்கூடும் சரியாகத்தான் ஓடுகின்றன.

தமிழ் எழுத்தும் ரொறன்ரோவும்

அன்ட்ரொயிட் தொலைபேசிகள் கனடாவில் 2009 இல் விற்பனைக்கு வந்தபோது அவற்றில் தமிழ் தெரியவில்லை. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பெட்டிகள் வரிசையாக நின்றன. மென்பொருட் துறையில் அந்தப் பெட்டிகளுக்கு ரோஃபு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தப் பெட்டிகள் இனி வேண்டாம் என்ற பொருளில்தான் கூகிள் தனது எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது. அதில் தமிழும் அடக்கம்.

எழுத்துரு மட்டும் இருந்தால் போதாது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுனிக்கோட் முறைப்படி தொலைபேசியின் நினைவில் அது வழக்கமாக இரண்டு குறியீடுகளாக இருக்கிறது: முதலில் 'க', அடுத்து ஒகரத்தின் குறி. திரையிலோ மூன்று வடிவங்கள் வரவேண்டும்: இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் கால். எது எங்கே போகவேண்டும் என்று கணக்குப் பார்த்து ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம். அன்ட்ரொயிட், குரோம், பயர்பொக்ஸ், லிப்ரே ஒஃபிஸ் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

இந்த நிரலகத்துக்கும் எங்கள் நகரத்துக்கும் தொடர்பு உண்டு. இன்றைய ஹார்ஃப்பஸ்ஸை எழுதி வளர்த்தவர் பெஹ்தாத் எஸ்ஃபாபோத். ஈரானில் பிறந்து, 2003 இல் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கணினியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஹார்ஃப்பஸ் என்ற பெயரும் பாரசீக மொழியிலிருந்து வந்ததுதான். அந்த மொழியில் ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. ஓப்பன்ரைப் என்ற எழுத்துரு முறையின் பெயரை அவர் தன் மொழியில் சொல்லி வைத்த பெயர் அது. பாரசீக எழுத்தும் கணினியில் சரியாக வராமல் நெடுங்காலம் சிரமப்பட்ட எழுத்துத்தான். இன்று கிளிநொச்சியிலிருக்கும் அம்மம்மா அனுப்பும் தமிழ்ச் செய்தி ஸ்காபரோவில் ஓர் அன்ட்ரொயிட் தொலைபேசியில் கொம்பும் காலும் சரியாக விழுந்து தெரிவதில் அவருடைய உழைப்புக்கும் பங்கு உண்டு.

தமிழர்களின் பங்கும் சிறிதல்ல. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர். கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவதற்கான அவருடைய செல்லினம் 2005 இல் சிங்கப்பூரில் வெளியானது.

பாமினியில் கிடக்கும் பழைய எழுத்துகள்

எங்களில் பலர் கணினியில் தமிழ் பழகியது பாமினி எழுத்துருவில். ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்தையும் அழுத்தினால் பாமினியில் 'தமிழ்' என்று வரும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது என்னவோ அந்த ஆங்கில எழுத்துகள்தான். பாமினி இல்லாத தொலைபேசியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளில்லாத ஆங்கிலம் தெரியும். தேடினாலும் தமிழ்ச் சொல் அகப்படாது.

ஊர்ச் சங்க மலர்கள், பழைய மாணவர் சங்க மலர்கள், நினைவு மலர்கள் என்று 1990களிலும் 2000களிலும் பலர் இரவிரவாகத் தட்டச்சுச் செய்தவை இன்னும் பழைய கணினிகளில் இப்படியே கிடக்கின்றன. இடம்பெயர்ந்தபோது பலரது வீட்டிலிருந்த பத்திரங்களும் படங்களும் போய்விட்டன. ஒரு கிராமத்தின் பள்ளிக்கூட வரலாறும் ஆட்களின் பெயர்களும் அந்தக் கோப்புகளில் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரலகத்தில் பாமினி முதலிய பழைய குறியீடுகளை யுனிக்கோட்டுக்கு மாற்றும் வசதி உண்டு. அது பைதன் என்ற கணினி மொழிக்கானது. கணினியில் ஒருமுறை மாற்றிவிட்டால் அதன்பின் எந்தத் தொலைபேசியிலும் படிக்கலாம், தேடலாம். மாற்றிய பிறகு ஒருவர் இருந்து வாசித்துச் சரிபார்க்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

மாவில் கலந்திருப்பது

இனி அந்தப் பொறுப்பின் கதை. 2019 மே மாதத்தில் ரிம் ஹோர்ட்டன்ஸ் தனது செயலியில், ரேடார் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இடமறியும் நிரலகத்தைச் சேர்த்துக்கொண்டது. கோப்பி வாங்கவும் புள்ளிகள் சேர்க்கவும் பலர் வைத்திருந்த செயலி அது. 2020 யூன் மாதத்தில் ஃபைனான்சியல் போஸ்ட் செய்தியாளர் ஒருவர் தன்னைப் பற்றி அந்தச் செயலி சேகரித்த தகவலைக் கேட்டு வாங்கி வெளியிட்டார். ஐந்து மாதத்துக்கும் குறைவான காலத்தில் அவர் இருந்த இடத்தை 2,700 தடவைக்கு மேல் அது பதிந்திருந்தது.

கனடாவின் தனியுரிமை ஆணையாளரும், கியூபெக், அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண ஆணையாளர்களும் சேர்ந்து விசாரித்து 2022 யூன் 1 ஆம் திகதி அறிக்கை வெளியிட்டார்கள். செயலி திறந்திருக்கும்போது மட்டுமே இடம் அறியப்படும் என்று பாவனையாளர்கள் நம்பவைக்கப்பட்டார்கள். உண்மையில் அது மூடியிருக்கும்போதும், சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, நாள் முழுவதும் பதிந்துகொண்டிருந்தது. வீடு எங்கே, வேலைத்தலம் எங்கே, பிரயாணத்தில் இருக்கிறாரா என்பதை அதிலிருந்து ஊகித்தது. போட்டிக் கடைக்குள் நுழைந்தாலும் அதற்குத் தெரியும். நிறுவனம் 2020 ஓகஸ்டில் இந்தச் சேகரிப்பை நிறுத்தியது. பின்னர் எஞ்சிய தரவுகளை அழிக்கவும் இணங்கியது.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்து, சோதனைச் சாவடியில் அடையாள அட்டை நீட்டி வாழ்ந்தவர்கள் நாங்கள். எங்கே போகிறாய், எங்கேயிருந்து வருகிறாய் என்ற கேள்வியின் பாரம் எங்களுக்குத் தெரியும். இங்கே அதே விடை, கேள்வியே கேட்கப்படாமல், ஒரு கோப்பிக் கடைச் செயலியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. செயலியை வைத்திருந்தவர்களுக்கு ரேடார் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது.

நாங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, தொலைபேசியின் செற்றிங்ஸில் இடம் பற்றிய அனுமதியைத் திறந்து பாருங்கள். எந்தச் செயலிக்கு 'எப்போதும்' என்ற அனுமதி இருக்கிறது என்று அங்கே தெரியும். 2019 இல் வந்த அன்ட்ரொயிட் 10 முதல், 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றலாம். வானொலி கேட்கவோ நாட்காட்டி பார்க்கவோ உங்கள் இடம் தேவையில்லை.

இரண்டாவது, எக்ஸோடஸ் பிரைவசி என்ற பிரெஞ்சுத் தொண்டு அமைப்பின் இணையத்தளத்தில் ஒரு செயலியின் பெயரைத் தேடினால், அதற்குள் எந்த எந்தக் கண்காணிப்பு நிரலகங்கள் காணப்பட்டன என்ற பட்டியல் கிடைக்கும். உங்கள் பிள்ளைகளைக் கொண்டு ஒருதடவை பார்ப்பித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஊர்ச் சங்கத்துக்கோ கோயிலுக்கோ செயலி செய்து தர முன்வரும் இளையவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்: இதில் எந்த நிரலகங்களைச் சேர்த்திருக்கிறீர்கள்? ஒவ்வொன்றும் என்ன தகவலை வெளியே அனுப்புகிறது? அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? அதன் உரிமம் எதைக் கேட்கிறது? உரிமம் என்பது சிறு விடயம் அல்ல. இலவச நிரலகங்களில் பெரும்பாலானவை எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் அகற்றாமல் வைத்திருக்கும்படி கேட்கின்றன. சில, நீங்கள் எழுதியதையும் அவ்வாறே பிறருக்குத் திறந்து வைக்கும்படி கேட்கின்றன. விலை வாங்காமல் கொடுத்தவருக்கு அந்த மரியாதையாவது செய்யவேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் தைரியமாக வேலையைக் கொடுக்கலாம். தெரியாத பிள்ளை என்றால் தேடிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கணினி படித்திருக்கத் தேவையில்லை. கடையில் மாப் பைக்கற்றைத் திருப்பி, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் உங்களுக்கு ஏற்கனவே உண்டு. அதையே இங்கும் செய்தால் போதும்.