காரின் டேங்க் ஏன் விளிம்பு வரை நிரப்பப்படுவதில்லை?

பெட்ரோல் பங்க்குகளில் அவ்வப்போது எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. காருடன் வந்த கையேட்டில் எரிபொருள் கலனின் கொள்ளளவு 37 லிட்டர் என அச்சிடப்பட்டிருக்கும். பங்க்கின் மீட்டரோ 39 லிட்டரைக் கடந்து ஓடியிருக்கும். 37 லிட்டர் கொள்ளும் கலனில் 39 லிட்டர் எவ்வாறு புகும்? அளவில் மோசடி என்று வாடிக்கையாளர் குற்றஞ்சாட்டுவார்; ஊழியர் மறுப்பார்; பின்னால் வரிசையில் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கும்.

மோசடியே எங்கும் நடப்பதில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் இந்த ஒரு கணக்கை மட்டும் கொண்டு அதனை மெய்ப்பிக்க இயலாது. கையேட்டில் உள்ள எண் கலனின் முழுக் கனஅளவைக் குறிப்பதன்று; பாதுகாப்பாக நிரப்பத்தக்க அளவையே குறிப்பது. கலனின் மேற்பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சில கார்களில் அதற்கும் மேலாக, வேண்டுமென்றே காலியாக விடப்படுகிறது. மூடியிலிருந்து கலன் வரை செல்லும் குழாயும் தன் பங்கிற்குச் சிறிதளவு எரிபொருளைக் கொள்ளும்.

காலியிடம் எதற்காக? பெட்ரோல் வெப்பத்தால் விரிவடையும் திரவம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதன் கனஅளவு ஏறக்குறைய 1 விழுக்காடு கூடுகிறது. பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து ஓரளவு குளிர்ச்சியாக வரும் பெட்ரோல், நாகபுரியிலோ வேலூரிலோ சித்திரை வெயிலில் நிற்கும் காரில் 15, 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறக்கூடும். அப்போது 37 லிட்டர் பெட்ரோல் அரை லிட்டருக்கும் மேல் பெருகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆகவே பெருகுவதற்கு இடம் இருந்தாக வேண்டும். பெட்ரோலிலிருந்து ஓயாமல் எழும் ஆவிக்கும் இடம் வேண்டும்.

இனி கலனின் உருவத்தைக் காண்போம். அதனைச் செவ்வகப் பெட்டி என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள், கழற்றி வைக்கப்பட்ட ஒன்றைப் பார்த்தால் வியப்படைவர். மேடும் பள்ளமுமாக, எந்த வடிவத்திலும் சேராமல் அது காட்சியளிக்கும். பின் இருக்கை, புகைபோக்கிக் குழாய், பின் அச்சு ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிய பின்னர் எஞ்சும் சந்துபொந்துகளே கலனுக்குக் கிடைக்கின்றன. முற்காலத்தில் எஃகுத் தகட்டால் கலன் செய்தபோது இத்தகைய வளைவுகள் எளிதில் வாய்க்கவில்லை. இன்றைய கார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கலன்களே. உருகிய பிளாஸ்டிக் குழலை அச்சுக்குள் வைத்துக் காற்றை ஊதி, பாட்டில் செய்வது போலவே இவற்றைச் செய்கின்றனர். இவை துருப்பிடிப்பதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை ஈர்க்கவல்லது என்பதால், நம் நாட்டில் இப்பண்பு மேலும் பயனுடையதாகிறது.

வெறும் பிளாஸ்டிக் மட்டும் இதற்குப் போதாது. பெட்ரோலின் மூலக்கூறுகள் அதன் வழியே மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். ஆதலின் கலனின் சுவர் வழக்கமாக ஆறு அடுக்குகளால் ஆனது. அவற்றின் நடுவே இ.வி.ஓ.எச். எனப்படும் மெல்லிய தடுப்புப் படலம் உள்ளது. உணவுப் பொருள்களின் உறைகளிலும் மணமும் காற்றும் ஊடுருவாதிருக்க இதே பொருளைப் பயன்படுத்துகின்றனர்.

கலனை எங்கே பொருத்துவது என்பது உயிரோடு தொடர்புடைய வினா. 1970-களில் அமெரிக்காவில் விற்பனையான ஃபோர்டு பின்டோ காரில், கலன் பின் அச்சுக்கும் பின்புற பம்பருக்கும் இடையே அமைந்திருந்தது. பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதியபோது கலன் முன்னோக்கித் தள்ளப்பட்டு, அச்சுப் பகுதியின் போல்ட்டுகளில் குத்திக் கிழியும் அபாயம் இருந்தது. தீ விபத்துகளும் வழக்குகளும் தொடர்ந்தன. 1978-இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. இன்று பெரும்பாலான கார்களில் கலன் பின் அச்சுக்கு முன்னே, பின் இருக்கைக்கு அடியில் உள்ளது. நம் குழந்தைகள் அமரும் இடத்திற்கு நேர் கீழேயா என்று திடுக்கிட வேண்டாம். நாற்புறமும் மோதலின் வேகம் எளிதில் எட்டாத இடம் காரில் அதுவே.

கலனுக்குள்ளும் சில உறுப்புகள் உண்டு. எரிபொருளை எஞ்சினுக்கு அனுப்பும் மின் பம்ப் பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோலே அதனைக் குளிர்விக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்த பின்னரும் நாள்தோறும் ஓட்டிச் செல்வோர், இந்தப் பம்பின் ஆயுளைக் குறைத்துக்கொள்கின்றனர். அதை மாற்றும் செலவு சிறிதன்று. பம்பின் அருகே மிதவை ஒன்று உண்டு. எரிபொருளின் மட்டத்தோடு ஏறியிறங்கி, முகப்பில் உள்ள முள்ளை நகர்த்துவது அதுவே. கலன் கோணல் வடிவம் கொண்டதாலும், மிதவை எட்டாத மூலைகள் இருப்பதாலும், முள் காட்டுவது ஓர் உத்தேச அளவே. அந்த முள்ளின் அருகில் பங்க்கின் சின்னத்தை ஒட்டிச் சிறிய முக்கோணம் ஒன்று இருக்கும். கலனின் மூடி காரின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அது காட்டுகிறது. பல ஆண்டுகள் கார் ஓட்டியவர்களிலும் இதைக் கவனியாதோர் பலர்.

மேற்பகுதியில் சேரும் ஆவியை நேரே வெளியே விட்டால் காற்று மாசுபடும், எரிபொருளும் வீணாகும். எனவே அது ஒரு குழாய் வழியே கரித்தூள் நிரம்பிய சிறு பெட்டியைச் சென்றடைகிறது. கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்த ஆவி உறிஞ்சப்பட்டு எரிக்கப்படுகிறது. கார் கவிழ்ந்தால் பெட்ரோல் இவ்வழியே கொட்டாதபடி அடைத்துக்கொள்ளும் வால்வும் உண்டு.

பங்க் ஊழியரின் கையில் உள்ள நாசிலும் நுட்பமானதே. அதன் முனையருகே சிறு துளை ஒன்று உள்ளது. பெட்ரோல் பாயும் வேகத்தால் உண்டாகும் உறிஞ்சல், அத்துளை வழியே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். கலனில் எரிபொருள் குறித்த மட்டத்தை எட்டியதும் காற்று வெளியேறும் வழி அடைபடுகிறது. குழாயில் மேலேறும் பெட்ரோல் துளையை மூடுகிறது. காற்று நின்றதும் உறிஞ்சலின் விசை உள்ளேயிருக்கும் சவ்வை இழுக்க, கைப்பிடி ‘டக்’ என்று விடுபடுகிறது. இதற்கு மின்சாரமோ கணினியோ தேவையில்லை.

அந்த ஓசையோடு நிறுத்திக்கொள்வதே முறை. தொகையை முழு எண்ணாக்கவோ, நீண்ட பயணத்தை எண்ணியோ மேலும் மேலும் ஊற்றச் சொன்னால், ஆவிக்கென ஒதுக்கிய இடத்தில் பெட்ரோல் புகுகிறது. அங்கிருந்து கரிப்பெட்டிக்குள் திரவமாகவே சென்றால் கரி நனைந்து பயனற்றுப் போகும். பெட்ரோல் வாடையும் எஞ்சின் கோளாறும் தொடரலாம். கையேட்டின் எண்ணைத் தாண்டி மீட்டர் ஓடுவதும் பெரும்பாலும் இத்தகைய திணிப்பால்தான்.

இதற்கு நேரெதிரான அச்சமும் உலவுகிறது. கோடையில் கலனைப் பாதிக்கு மேல் நிரப்பினால் வெடித்துவிடும் என்ற செய்தி ஆண்டுதோறும் கைபேசிகளில் பரவுகிறது. இந்தியன் ஆயில் நிறுவனம் இதனை மறுத்துள்ளது; கார் நிறுவனம் குறிப்பிட்ட அளவு வரை எப்பருவத்திலும் நிரப்பலாம் என்பதே அதன் விளக்கம். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் மட்டுமே தீப்பற்றும். மூடிய கலனுக்குள் ஆவியின் பங்கு வழக்கமாக இதைவிட மிக அதிகம். எரிவதற்குப் போதிய காற்று அங்கில்லை. அபாயம் கசிவு ஏற்பட்டு ஆவி வெளிக்காற்றோடு கலக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. நிரப்பும்போது எஞ்சினை அணைப்பதும், மூடியை இறுக மூடுவதும் அதற்காகவே.

அளவில் உண்மையாகவே ஐயம் எழுந்தால் அதனைத் தீர்த்துக்கொள்ள வழி உண்டு. எடையளவுத் துறையின் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலம் ஒவ்வொரு பங்க்கிலும் இருத்தல் வேண்டும். அதில் ஊற்றிக் காட்டுமாறு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரையிலான வேறுபாடு அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தால், ரசீதுடன் எண்ணெய் நிறுவனத்திடமும் எடையளவுத் துறையிடமும் புகார் அளிக்கலாம்.