நுங்கு வண்டியும் நூல் கோனும்

வீட்டில் பயன்பட்டு முடிந்த பொருள்களைக் கொண்டு மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் எளிய பொம்மைகள் செய்வது மழலையர் கைவினை. தீப்பெட்டி, அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், கொட்டாங்குச்சி ஆகியவை எங்கும் கிடைப்பவை. திண்டுக்கல் சமவெளியில் வேறு சிலவும் சேரும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் நூல் காகிதக் கோன்களில் சுற்றி வரும். நூல் தீர்ந்தால் உறுதியான கூம்பு மிஞ்சும். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை நைந்துபோனால் மெல்லிய வண்ணத் துணி கிடைக்கும். கோடையில் நுங்கு தின்றதும் பனங்காய்க் கூடு எஞ்சும்.

இந்த வயதில் விரல்களின் நுண்தசைகள் வேகமாகப் பழகுகின்றன. ஏறத்தாழ மூன்று வயதில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும். நான்கில் கூட்டல் குறியும், ஐந்தை ஒட்டி முக்கோணமும் வசப்படும். காகிதத்தைக் கிழிப்பது, கசக்கி உருட்டுவது, பசை தடவி ஒட்டுவது எல்லாம் பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்குப் பயிற்சி. மூன்று வயதுக்குக் கிழிப்பதும் ஒட்டுவதும் போதும். முனை மழுங்கிய கத்தரியால் கோட்டின்மேல் வெட்டுவது நான்கு வயதுக்குப் பிறகு கைவரும்.

நுங்கு வண்டி இவ்வகையில் மிகப் பழகியது. நுங்கு எடுத்த இரண்டு கூடுகளை ஒரே அளவில் தேர்ந்துகொள்ள வேண்டும். சுமார் ஒரு சாண் நீளக் குச்சியின் இரு முனைகளையும் பெரியவர் சீவித் தந்தால், கூடுகளின் நடுவில் அவற்றைக் குத்தி இறுக்கலாம். இதுவே அச்சு. நீண்ட கவட்டைக் குச்சியின் பிளவை அச்சின்மேல் பொருத்தித் தள்ளினால் வண்டி ஓடும். சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுழல, கவட்டை மட்டும் அச்சின்மேல் வழுக்குகிறது. ரயில் பெட்டியின் சக்கரங்களும் இப்படித்தான் அச்சோடு சேர்ந்து சுழல்கின்றன. குச்சி நடுவில் குத்தாமல் விலகினால் வண்டி குதித்து ஓடும். ஏன் குதிக்கிறது என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்க விட வேண்டும்.

நூல் கோனைக் கவிழ்த்து வைத்தால் பொம்மையின் உடல் தயார். கசக்கிய செய்தித்தாள் உருண்டை தலையாகும். சுங்குடித் துண்டு உடையாகும். ஒட்டுவதற்கு மைதா பசை ஏற்றது. ஒரு பங்கு மைதாவை நான்கைந்து பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் கிண்டினால் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிப் பசையாகும். பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகக் கட்டுநர்கள் இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகளின் பசையில் சேர்க்கவே கூடாது.

கடைப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டுப் பொம்மைக்குப் பெரியவர் கண்ணே சோதனை. மூன்று வயதுக்கு உட்பட்டவர் கையில் சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கும் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். புளியங்கொட்டை, பொத்தான், பொத்தான் பேட்டரி ஆகியவை அத்தகையவை. வயலில் பயன்படுத்திய பூச்சிமருந்துப் புட்டிகளை எவ்வளவு கழுவினாலும் தொட விடக் கூடாது.

கைவேலையைக் கல்வியின் நடுவில் வைத்த ஆதாரக் கல்வியைக் காந்தி 1937-இல் வார்தா மாநாட்டில் முன்வைத்தார். அந்த வழியில் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் திண்டுக்கல்லை அடுத்தே இருக்கிறது. 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தவர். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளிலும் இவ்வேலைக்கு இடமுண்டு.

சீவுவது, துளையிடுவது, அடுப்பில் கிண்டுவது ஆகிய மூன்றும் பெரியவர் வேலை. மற்றவை குழந்தையுடையவை. பொம்மையின் கண் கோணலாக ஒட்டியிருந்தால் அதைப் பெரியவர் திருத்த வேண்டியதில்லை. ஒட்டிப் பழகிய விரல்களே இந்த வேலையின் பயன்.