மல்லாட்டை என்று சொல்ல வெட்கம் எதற்கு?

காணை வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் எவரும் ஒன்றைக் கவனித்திருப்பார். சரக்கு ஒன்று, பெயரோ நாலு. விவசாயி மூட்டையில் கொண்டு வரும்போது அது மல்லாட்டை. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் அது மணிலா. நாம் எழுதும் பில்லில் வேர்க்கடலை. சென்னையில் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் கேட்கும்போது அது கிரவுண்ட்நட்.

அந்தப் பிள்ளைகளுக்கு மல்லாட்டை என்ற சொல் மறந்துவிடவில்லை. சொன்னால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான். இந்தக் கூச்சத்துக்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணம், டவுன் வேலை ஒரு காரணம். இவற்றைவிடப் பெரிய காரணம் சினிமாவும் டி.வி.யும் என்பது நம் கருத்து. கதாநாயகன் வாயில் வருகிற பேச்சு மதிப்புள்ளது, வேலைக்காரனாகவும் கோமாளியாகவும் வருகிறவன் பேச்சு மதிப்பில்லாதது என்று பார்க்கிறவர் மனம் தானாகவே எடை போட்டுவிடுகிறது.

திரை கற்றுக்கொடுத்த பேச்சு

1952-ல் வந்த 'பராசக்தி'யை எடுத்துக்கொள்வோம். வசனம் மு. கருணாநிதி. பேசி நடித்தவர் சிவாஜி கணேசன். வி.சி. கணேசன் என்ற பெயரில் முன்னால் நிற்கும் 'வி' நம் விழுப்புரம்தான். அந்தப் படத்தின் கோர்ட் காட்சி வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்காத இளைஞர் அக்காலத்தில் குறைவு. வீதிக்கு வந்துவிட்ட ஒருவன் நீதிபதி முன் நிமிர்ந்து நின்று நல்ல தமிழில் வாதாடலாம் என்பதே ஜனங்களுக்குப் புது தைரியத்தைக் கொடுத்தது. பின்னாளில் 1984-ல் வந்த 'விதி' படத்தின் வசன கேசட் டீக்கடைதோறும் ஓடியதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் அந்த மேடைத் தமிழ் எந்த ஊரிலும் யாரும் வீட்டில் பேசுகிற பேச்சு அல்ல. 1977-ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்த பிறகுதான் கிராமத்து மனிதர்கள் தங்கள் பேச்சிலேயே கதையை நடத்தும் வழக்கம் வலுப்பட்டது. கோவைப் பேச்சு, மதுரைப் பேச்சு, நெல்லைப் பேச்சு என்று ஒவ்வொன்றும் திரையில் இடம் பிடித்தன. நம் தென்னாற்காட்டுப் பேச்சுக்கு அந்த இடம் சுலபத்தில் கிடைக்கவில்லை. பண்ருட்டி அருகே பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான் 2002-ல் 'அழகி'யையும், 2007-ல் 'ஒன்பது ரூபாய் நோட்டு' படத்தையும் எடுத்து இந்த மண்ணின் மனிதர்களைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஒன்பது ரூபாய்க்கு நோட்டே கிடையாது என்பதைக் கல்லாவில் உட்காரும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பாக வாழ்ந்த ஒரு விவசாயி மதிப்பிழந்து போவதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் நம் பகுதிச் சொற்களைத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு நூலே செய்திருக்கிறார். நம் பேச்சு அகராதி ஏறும் தகுதி உடையது என்பதற்கு அதுவே சாட்சி.

மளிகைக் கடைக்காரரும் எம்டனும்

நம் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு படக் கதையும் உண்டு. காஞ்சிபுரத்தில் மளிகைக் கடை நடத்தும் கண்டிப்பான தகப்பனாராக நாசர் நடித்து 2006-ல் வந்தது 'எம் மகன்'. இதற்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு உண்டு என்று தமிழக அரசு அந்த ஆண்டு அறிவித்தது. எம்டன் தமிழ்ச் சொல் இல்லையே! ஆகவே பெயர் சுருங்கிற்று.

எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கின் மீது குண்டு வீசிவிட்டுப் போன கப்பல். அன்று பிடித்த கிலியில், பொல்லாத ஆளையெல்லாம் 'சரியான எம்டன்' என்று ஜனங்கள் சொல்லத் தொடங்கினார்கள். சட்டப்படி அது தமிழ் இல்லாமல் இருக்கலாம். சென்னைப் பட்டணம் பயந்து நடுங்கிய ஓர் இரவின் சரித்திரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நம் கடையைச் சுற்றிப் பார்த்தாலும் இதே கதைதான். தராசு பாரசீகத்திலிருந்து வந்தது. பாக்கியும் வசூலும் அரபு. சாவி, அலமாரி, பீப்பாய், ஏலம் எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை. துட்டு டச்சுக்காரர் நாணயம். பதிலுக்கு நம் சுருட்டும் கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டன. மல்லாட்டையும் அப்படித்தான். தென்னமெரிக்காவில் பிறந்த பயிர். பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரால் மணிலாக்கொட்டை ஆகி, நம் ஜனங்கள் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. உலகம் சுற்றி வந்த சொல்லைச் சொல்ல வெட்கம் எதற்கு? வியாபாரம் செய்த சமூகத்தின் பேச்சில் நாலு தேசத்துச் சொல் கலந்திருப்பது இயல்பு. யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தோம் என்பதற்கு அவை பேரேடு.

உண்மையான எடை எங்கே?

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை யாரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். 2023-ல் வந்த 'மாமன்னன்' படத்தில், எம்.எல்.ஏ. ஆகிவிட்ட பிறகும் ஒரு மனிதருக்கு எதிரில் உட்கார நாற்காலி மறுக்கப்படுவதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினோம். நம் கடை வாசலில் நடப்பது என்ன?

காரில் வந்து இறங்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு "வாங்க தம்பி, என்ன வேணும்?" அறுபது வயதில் கரும்பு வெட்டிவிட்டு வந்து கால் லிட்டர் எண்ணெய்க்கு நிற்கும் காலனிக்காரருக்கு "இன்னா வேணும் ஒனக்கு, சீக்கிரம் சொல்லு." எல்லாக் கடையிலும் இப்படி என்று சொல்லவில்லை. இல்லவே இல்லை என்று சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. தராசு முள் இருவருக்கும் ஒரே இடத்தில் நிற்கிறது. நாக்கு மட்டும் ஆளுக்கு ஆள் சாய்கிறது. எடையில் குறைத்தால் தொழிலாளர் துறை கேட்கும். மரியாதையில் குறைத்தால் கேட்பார் இல்லை. ஆனால் அவருடைய பிள்ளை அதைக் கவனித்துக்கொண்டு நிற்கிறான். நாளைக்கு நாலு காசு சம்பாதித்ததும், தன் தகப்பனை ஒருமையில் அழைத்த கடையை விட்டு, யாரையும் அழைக்காத சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடுவான். அங்கே மரியாதை கிடைக்கிறது என்று போவதில்லை. அவமரியாதை கிடையாது என்று போகிறான்.

ஆகவே வியாபாரிகள் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, பெயர்ப் பலகையில் தமிழை முதலிலும் பெரிதாகவும் எழுதுங்கள். அது விதியும்கூட, தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற கணக்கு நாம் அறிந்ததே. இரண்டாவது, விலைப் பலகையில் ஜனங்கள் வாயில் வழங்கும் பெயரையே எழுதுங்கள். மல்லாட்டை என்று எழுதினால் சரக்கின் தரம் குறைந்துவிடாது. படிக்கிற விவசாயி நம் கடை என்று நினைப்பார். மூன்றாவதுதான் முக்கியம். வருகிறவர் யாராக இருந்தாலும் ஐயா, அம்மா, அண்ணே, அக்கா என்று அழைக்கக் கடைப் பையன்களைப் பழக்குங்கள். அதைச் சொல்லிக் கொடுத்தால் வராது. முதலாளி அழைப்பதைக் கேட்டுத்தான் வரும். முதல் இரண்டுக்கும் பெயிண்டருக்குக் கூலி உண்டு. மூன்றாவதற்குச் செலவே இல்லை.